பழைய கோட்டைச் சுவரில் ஏன் படத்துக்கு ஆணி அடிப்பதில்லை?

திருகோணமலைக் கோட்டை மாதிரி பழைய போர்க்கால இடங்களில் கண்காட்சி வைக்கும்போது படங்களைச் சுவரில் மாட்டாமல் ஏன் தனிச் சட்டங்களில் நிறுத்துகிறார்கள் என்பதுதான் கேள்வி. இதைத் தடம் விடாத அமைப்பு என்று சொல்லலாம், அதாவது கழற்றிய பிறகு அங்கே ஏதோ இருந்தது என்றே தெரியக்கூடாது.

காரணம் சுவர்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, மென்மையானது. துளை போட்டால் சுற்றிலும் பொலபொலவென்று உதிரும், அந்த ஓட்டைக்குள் கடற்காற்றின் உப்பும் ஈரமும் இறங்கும். படத்துக்கும் நல்லதில்லை, ஈரச் சுவரோடு ஒட்டி வைத்தால் முதலில் பூஞ்சணம் பிடிப்பது அதன் முதுகில்தான். கோவில் திருவிழாப் பந்தலை நினைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு மதிலைத் தொடாமல் தன் காலில் நிற்கும், பிரித்தால் வீதி பழையபடி.

திருகோணமலையிலேயே உள்ள சீனக்குடா எண்ணெய்க் குதம் (எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டி) என்றால் கதை வேறு. இரும்பு, காந்தமே படத்தைப் பிடித்துக்கொள்ளும் (வெயிலில் உள்ளே நிற்க முடியாது என்பது தனிக்கதை). ஆனால் 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்த குதத்தின் சிதைந்த தகட்டை மறைத்துப் படம் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அப்புறம், "ஓட்டையைச் சீமெந்தால் அடைத்தால் சரிதானே" என்று பலர் நினைக்கிறார்கள். சரியில்லை: சீமெந்து சுண்ணாம்பைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது, அடைத்த இடத்தைச் சுற்றித்தான் சுவர் உதிரத் தொடங்கும்.