உப்புத் தண்ணீரில் புழு முட்டை சாகாது

கேள்வி: சந்தையில் வாங்கும் வெள்ளரி, கொத்தமல்லி, புதினாவை உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்துத்தான் எடுக்கிறோம். ஆனாலும் ஆறு வயது மகனின் மலப் பரிசோதனையில் உருண்டைப்புழு முட்டை இருக்கிறதாம். காய்கறி கழுவும் திரவம் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு இன்னும் நாலு குடம் தண்ணீர் வாங்குங்கள். புழு முட்டையைக் கொல்லும் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

உப்புத் தண்ணீரில் இலைப்புழு வெளியே வரும். அதைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். உருண்டைப்புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது, அதன் மேலோடும் கெட்டி. வினிகரோ, குடிநீரில் கலக்கும் குளோரினோ அதை ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் அந்த முட்டையை மிதக்கவைத்துப் பிடிப்பதே செறிந்த உப்புக் கரைசலில்தான்! கொதிக்கும் குழம்பில் செத்துவிடும்.

முட்டை பசை போல ஒட்டும். அதனால் கட்டைப் பிரித்து, வேரை நறுக்கிவிட்டு, இலைகளைத் தண்ணீருக்குள் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் முட்டை அடியில் தங்கும். எனவே கீரையை அள்ளி அடுத்த பாத்திரத்தில் போடுங்கள். தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினால் அடிமண்டி மறுபடி இலையில் ஏறிவிடும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள், கடைசியாகக் குடிக்கிற தண்ணீர். கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம். வெள்ளரியைக் கழுவிய பிறகே தோல் சீவுங்கள்.

"நாங்கள் சமைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ரசத்தை இறக்கியபின் தூவும் மல்லி பச்சைதான். பிரியாணிக்கு வைக்கும் தயிர்ப் பச்சடி பச்சைதான். புதினாத் துவையலை வதக்காமல் அரைத்தால் அதுவும் பச்சைதான்.

சந்தையில் சொட்டச் சொட்ட நனைந்த கட்டைப் பார்த்துப் 'புதுசு' என்று எடுக்காதீர்கள். வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். இந்த முட்டை வருவது மனித மலத்திலிருந்துதான், மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பள்ளியில் புழு மாத்திரை கொடுத்துக் கணக்கு எழுதுகிறவர்கள், கழிவுநீர் லாரி ராத்திரியில் எங்கே கொட்டுகிறது என்று பார்க்க வேண்டாமா? பார்க்காதவரை பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

சரி, மகனுக்கு: புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை, மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வீட்டில் 2 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கு முழு மாத்திரை கூடாது. கர்ப்பமான முதல் 3 மாதத்தில் யாரும் இதைத் தொட வேண்டாம்.