இன்டக்ஷன் அடுப்புக்கு எந்த அளவுச் சட்டி?

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறோம். இரண்டு வட்டமுள்ள இன்டக்ஷன் அடுப்பு வாங்கினோம். பெரிய வட்டம் 21 செ.மீ., சிறியது 14.5. பெரியதில் 28 செ.மீ. தாச்சியை வைத்து மீன் பொரித்தால் நடுவில் கருகுகிறது, ஓரத்துத் துண்டுகள் பச்சையாகவே கிடக்கின்றன. பால் காய்ச்சும் சின்னச் சட்டியை அதே வட்டத்தில் வைத்தால் பீப் பீப் என்று கத்தி நின்றுவிடுகிறது. அடுப்பில் பிழையா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிழை அடுப்பில் இல்லை, தங்கச்சி. 28 என்று கடையில் சொன்னது தாச்சியின் வாயகலம். அதைக் கவிழ்த்து, கண்ணாடியில் தட்டையாகப் படுகிற பகுதியை மட்டும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். குழிந்த தாச்சி என்றால் 16, 18தான் இருக்கும். காஸில் சுவாலை பக்கங்களைத் தழுவி மேலேறும், அதனால் வித்தியாசம் தெரியாது. இங்கே கண்ணாடிக்குக் கீழே உள்ள செப்புக் கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்க, சூடு பிறப்பதே சட்டியின் அடியில்தான். பக்கங்களுக்கு வேறு சூடு கிடையாது.

அளந்த கையோடு பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தையும் எடுத்து அடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். அலுமினியத் தாச்சிகள் சிலவற்றில் நடுவில் மட்டும் இரும்புத் தகடு பதித்து, ‘இன்டக்ஷன் அடி’ என்று விற்கிறார்கள். அடி 20 இருக்கும், காந்தம் நடுவில் 13 செ.மீ. அகலத்துக்கு மட்டும் ஒட்டி, அதற்கு வெளியே நழுவும். காந்தம் ஒட்டுகிற இடம்தான் சூடேறும்; அடுப்பின் கணக்கில் அது 13 செ.மீ. சட்டி.

கண்ணாடியில் கீறியிருக்கிற வட்டத்தையும் அப்படியே நம்பவேண்டாம். மலிவான அடுப்புகளில் உள்ளே இருக்கும் சுருள் அதைவிடச் சிறியதாக இருப்பதுண்டு. அகலமான, அடி முழுக்கக் காந்தம் ஒட்டுகிற சட்டியில் ஒரு விரல் தடிப்புக்குத் தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள். முதற்குமிழிகள் எந்த வளையத்தில் கிளம்புகின்றனவோ அதுதான் உங்கள் சுருள். உங்கள் பெரிய வட்டத்துக்கு அடி 18 முதல் 23 வரை பொருத்தம். அதற்கு மேல் அகலித்தால் ஓரம் நடுவிலிருந்து கடத்தி வருகிற சூட்டில்தான் வேகவேண்டும்; அடி கனமாக இருந்தால் சமாளிக்கலாம், மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

பால் சட்டியின் கதை இதற்கு எதிர்மாறு. மேலே ஒரு கரண்டி கிடந்தால் அது சூடேறக் கூடாது என்பதற்காக, தன் சுருளில் போதிய இரும்பு படாவிட்டால் அடுப்பு தானே நின்றுவிடும். 10 செ.மீ. அடியைக் கரண்டி என்று எண்ணிவிட்டது, அவ்வளவுதான். சிறிய வட்டத்தின் நட்டநடுவில் வையுங்கள். பெரும்பாலும் வேலை செய்யும். புட்டுப்பானையும் அங்கேதான், அலுமினியமாக இல்லாவிட்டால்.

மண்சட்டிக்கு இதில் இடமே இல்லை. இடையில் வைக்க இரும்புத் தட்டு விற்கிறார்கள். சூடு தட்டிலேயே தங்கிக் கண்ணாடியைத்தான் வாட்டும். நான் வாங்கச் சொல்லமாட்டேன். 2022இல் காஸ் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்று களைத்து இந்த அடுப்பை வாங்கிய பலர், வீட்டுச் சட்டிகளில் பாதி உதவாது என்பதைப் பிறகுதான் கண்டார்கள். மீன் ஆணத்தை மண்சட்டியிலேயே விறகிலோ காஸிலோ வையுங்கள். பொரிக்க மட்டும் 20 செ.மீ. தட்டை அடியுள்ள, காந்தம் முழுக்க ஒட்டுகிற தாச்சி ஒன்று வாங்கினால் போதும்.

இரண்டு வட்டத்தையும் ஒன்றாகப் போடும்போது சூடு குறைந்தால் பயப்படவேண்டாம். 230 வோல்ட்டில் 13 அம்பியர் பிளக் தாங்குவது 2990 வாட். அதற்குள் நிற்க, ஒன்றைக் கூட்டினால் மற்றதை அடுப்பே குறைக்கும். பொரியலை முடித்துவிட்டுப் பாலை வையுங்கள்.