23 வயதில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க லோன் கிடைக்குமா? வட சென்னை முகவரி என்றால் கொடுக்க மாட்டார்களா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வயது 23, கைக்கு வரும் சம்பளம் 36,000, வீடு திருவொற்றியூர் பக்கம். 2013 மாடல் இரண்டு சீட் ஜெர்மன் கார் ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. கையில் 2 லட்சம் இருக்கிறது. மீதி 12 லட்சத்துக்கு ஒரு பைனான்ஸ்காரர் "பத்து பர்சென்ட்தான், நாலு வருஷத்துல முடிச்சிடலாம்" என்கிறார். பேங்கில் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள், ஏரியாதான் காரணம் என்று நினைக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரி இல்லாமல் இருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். நானும் வட சென்னைதான், காசிமேடு. உங்களைத் தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது. சொல்லியிருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அவர் சொல்லும் பத்து பர்சென்ட் ஃப்ளாட் வட்டி. 12 லட்சத்துக்கு வருஷத்துக்கு 1,20,000, நாலு வருஷத்துக்கு 4,80,000. அசலோடு சேர்த்தால் 16,80,000. 48 மாதத்தால் வகுத்தால் மாத டியூ சரியாக 35,000 ரூபாய். உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவது ஆயிரம். அதில் பத்து லிட்டர் பெட்ரோல்கூட முழுசாக வராது. ஃப்ளாட் வட்டியில் நீங்கள் பாதி அசலைக் கட்டிய பிறகும் முழு அசலுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பேங்க் கணக்குப் போடுகிற மாதிரி, குறைந்துகொண்டே வரும் அசலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது பதினேழரை சதவீதத்துக்கு மேலே போகிறது. அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். ரிசர்வ் வங்கியில் பதிவான கம்பெனி என்றால், 2024 அக்டோபர் 1 முதல் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்னால் உங்களிடம் கொடுத்தாக வேண்டும். எல்லாச் செலவையும் சேர்த்த வருட வட்டி அதில் இருக்கும். கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்குப்பா" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேங்க் ஏன் மறுத்தது என்பதற்கும் ஏரியாவைத் தேட வேண்டியதில்லை. பழைய கார் லோனில் உங்களைப் பார்ப்பதற்கு முன்னால் காரின் வயதைத்தான் பார்ப்பார்கள். கடன் முடியும்போது வண்டிக்குப் பத்து வயது தாண்டக் கூடாது என்பது பல பேங்குகளில் இருக்கும் கணக்கு. சில இடங்களில் பன்னிரண்டு வரை விடுவார்கள். 2013 மாடல் அந்த வாசலிலேயே நின்றுவிடும். தாண்டினாலும், உங்கள் மொத்த டியூ சம்பளத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்பார்கள். இந்த இரண்டிலும் நீங்கள் அண்ணா நகரில் இருந்திருந்தாலும் தோற்றிருப்பீர்கள்.

ஆனால் எனக்கு மறுத்ததற்கு ஏரியாதான் காரணம். அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

2022இல் ஒரு 2017 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ பார்த்தேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். போலோ எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று வரிந்துகட்டிக்கொண்டு வருபவர்களுக்கு: இல்லைதான். நாலு கதவு உண்டு, பின்சீட்டில் அம்மா உட்காரலாம். ஆனால் மாதவரம் தாண்டி ரெட்ஹில்ஸ் போகும் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ன ஆகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அப்போது கையில் 41,000 வந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் எழுநூற்று எண்பதுக்கு மேல். வேறு கடன் கிடையாது. கார் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் பணம்) மாதிரி வளராது என்று பாடம் எடுக்க வருகிறவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். நானும் எஸ்ஐபி கட்டுகிறேன்.

முதலில் ஒரு தனியார் பேங்க். எல்லா பேப்பரும் வாங்கிக்கொண்டார்கள், ப்ரீ அப்ரூவ்டு என்று மெசேஜ்கூட வந்தது. அட்ரஸ் ப்ரூஃப் போன மறுநாள் "பாலிசிப்படி முடியவில்லை" என்று ஒரு வரி. விடாமல் போன் போட்டதில், அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பாவம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்க பின்கோடு நெகட்டிவ் லிஸ்ட்ல வருது. அண்ணா நகர்ல யாராவது ரிலேட்டிவ் அட்ரஸ் இருந்தா ரென்டல் அக்ரிமென்ட் போட்டுக் குடுங்க, பார்க்கலாம்" என்றார். போலி அக்ரிமென்ட் போட்டால் நான் நம்பிக்கையானவள், உண்மை அட்ரஸ் கொடுத்தால் கிடையாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற வீடு அது.

நான் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் பொய் ஆவணம் கொடுத்தவர் என்று உங்களைத்தான் பிடிப்பார்கள், யோசனை சொன்னவரை இல்லை.

அம்மாவின் மகளிர் குழு கணக்கு இருந்த அரசு பேங்க் கிளைக்குப் போனேன். பக்கத்துத் தெருதான். மேனேஜருக்கு எங்கள் பக்கம் புதிது இல்லை. யார் ஐஸ் வியாபாரம், யார் போட்டில் பங்கு வைத்திருக்கிறார், யார் டியூ கட்டாமல் ஓடுகிறார், எல்லாம் தெரியும். வண்டிக்காரர் கேட்டது 6,90,000. வண்டிக்கு விலை மதிப்பிட பேங்க் அனுப்பிய வேல்யுவர் 6,25,000 என்று எழுதினார். அதில் எண்பது சதவீதம், அதாவது 5 லட்சம் லோன், வட்டி பதினொன்றரை, ஐந்து வருஷம், டியூ பதினோராயிரத்துக்குப் பக்கம். வண்டிக்கும் லோன் முடியும்போது சரியாகப் பத்து வயது. மீதி 1,90,000 என் சீட்டுப் பணம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: லோன் விற்பவர் சொல்லும் விலைக்கு இல்லை, வேல்யுவர் எழுதும் விலைக்கு. இடையில் விழும் பள்ளத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கேள்விகள்! சந்துக்குள் கார் வராதே, எங்கே நிறுத்துவீர்கள் என்றார். நியாயமான கேள்வி, தண்டையார்பேட்டையில் மாத வாடகைக்குப் பிடித்திருந்த இடத்தின் ரசீதைக் காட்டினேன். அப்புறம், "கல்யாணம் ஆயிட்டா டியூ யாரும்மா கட்டுவாங்க?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி யார் கட்டினாங்களோ அவங்கதான் சார்" என்றேன். என் வயசுப் பையனிடம் இதைக் கேட்டிருப்பாரா? பக்கத்து வீட்டு ஆயாவிடம் போய் "இந்தப் பொண்ணு எப்படி?" என்று விசாரித்தார். ஆயா மீனை அலசிக்கொண்டே, "இன்னா எப்படி? அவ அம்மா குழு லோனை ஒரு மாசம் தவறவுட்டது கெடையாது. எய்திக்கோ" என்றது. நிஜமாகவே எழுதிக்கொண்டார். லோன் வந்தது. இதுவரை ஒரு டியூகூட பவுன்ஸ் ஆனதில்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன்.

நெகட்டிவ் ஏரியா என்று பேங்க் மட்டுமா சொல்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காசிமேடு என்று டாக்ஸி புக் செய்து பாருங்கள், டிரைவர் போன் பண்ணி "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்வார். சினிமாவில் நாங்கள் வந்தாலே கையில் கத்தி இருக்கும். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி எஃப்4 ரேஸ் நடத்தினார்கள். அதற்காக மூன்றரை கிலோமீட்டர் ரோட்டைக் கண்ணாடி மாதிரி போட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன், பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வருகிற வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றிருந்தன, நடுவில் ஆட்டோ புகுந்து போகிற அளவுக்குத்தான் இடம். இத்தனைக்கும் இந்த ஊரில் கார் ரேஸ் வளர்ந்ததே வடக்கே சோழவரத்தில், உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில்தான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் எல்லாம் பிற்பாடு வந்தது. வேகம் எங்களுக்குப் புதுசு இல்லை, ரோடுதான் இல்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

நான் பேங்க் ஆள் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. ஆனால் அந்த 14 லட்சம் எனக்கு இடிக்கிறது. அந்த மாதிரி இரண்டு சீட் வண்டி அவ்வளவு மலிவாக வந்தால் காரணம் இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்த வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். பதிலை நம்பாமல் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் மண் கறை இருந்தால் தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயிலில் துரு, கார்ப்பெட்டை முகர்ந்தால் ஈர வாடை, இதெல்லாம் பாலிஷ் போட்டாலும் போகாது. பிஒய் என்று தொடங்கும் புதுச்சேரி நம்பரா, வேறு மாநில நம்பரா என்றும் பாருங்கள். அப்படி என்றால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டுகிற செலவு உங்கள் தலையில். வெளிநாட்டிலிருந்து முழுசாக இறக்குமதியான கார் என்றால் பதினைந்து வயதில் ஆர்சியைப் புதுப்பிக்கும் கட்டணமே 40,000. இங்கே செய்த காருக்கு அது 5,000தான். உங்கள் வண்டி 2028இல் அங்கே வந்து நிற்கும்.

இதையெல்லாம்விட முக்கியம் எச்.பி., அதாவது வண்டியின் மேல் கடன் இருப்பதாக ஆர்சியில் ஏறியிருக்கும் பதிவு. அந்த வண்டியின் நம்பரை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டு, ஆர்சியில் ஏற்கெனவே ஏதாவது பைனான்ஸ் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின், சேசிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு நேரில் ஒத்துப்பாருங்கள். இந்தியாவிலேயே உருவான ஸ்போர்ட்ஸ் கார் என்று பேசப்பட்ட டிசி அவந்தி விஷயத்தில் 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது நினைவிருக்கலாம். ஒரே எஞ்சின், சேசிஸ் எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு, ஒரே காரின் மேல் பல கடன் என்பதுதான் அதில் குற்றச்சாட்டு. இந்த மாதிரி வண்டிகளில் அது நடக்காத விஷயம் இல்லை. எச்.பி. இருந்தால், பழைய பைனான்ஸின் என்ஓசியும் எச்.பி.யை நீக்க அவர்கள் கையெழுத்திட்ட ஃபார்ம் 35ம் கண்ணால் பார்க்காமல் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் வந்துடும் சார்" என்பார்கள். அடுத்த வாரமே கொடுக்கலாம். கைமாறிய பின் இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதையும் விலையில் சேர்த்துப் பேசுகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள்.

இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில், ஆசை வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் இருக்கும் 2 லட்சத்தோடு ஐந்தாறு வயதுக்குள் இருக்கிற, 7 லட்சத்துக்குள் அடங்குகிற ஒன்றைத் தேடுங்கள். சம்பளம் எந்தக் கிளையில் விழுகிறதோ அங்கே நேராகப் போய் ஆறு மாத ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16, திருவொற்றியூர் அட்ரஸ் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள். டிஎஸ்ஜி வண்டி என்றால் கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பாகத்தைச் சோதிக்காமல் வாங்காதீர்கள், அது போனால் செலவு லட்சத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். என் போலோவின் மைலேஜ் கேட்டுத் தனியாக மெசேஜ் அனுப்பாதீர்கள்: லாரிகளுக்கு நடுவில் பத்து, சோழவரம் தாண்டினால் பதினாறு.