பள்ளிக்கு நிதி திரட்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் ஒரே ஒரு நுண்ணோக்கியைச் சுற்றிப் பதினைந்து மாணவர்கள் நிற்கிறார்கள். பெற்றோர் சேர்ந்து ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினோம். அரங்கம், ஒலிபெருக்கி, அச்சுச் செலவு எல்லாம் போகச் சொற்பத் தொகையே மிஞ்சியது. மீண்டும் எல்லோரிடமும் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உழைப்பு வீணாகவில்லை, ஆனால் நிகழ்ச்சி என்பது ஆட்களைச் சேர்க்கவும் நன்றி சொல்லவும் ஏற்ற வழியே தவிர, பணம் திரட்டுவதற்குச் செலவு மிகுந்த வழி. முதலில் தேவையை எழுத்தில் வடித்துக்கொள்ளுங்கள். "பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்ற வேண்டுகோளைப் படிப்பவருக்குத் தம் பணம் எங்கே போகும் என்று தெரியாது. அறிவியல் ஆசிரியருடன் அமர்ந்து, எத்தனை நுண்ணோக்கிகள், மாதிரியை வைத்துப் பார்க்க எத்தனை கண்ணாடித் தகடுகள், அவற்றைப் பூட்டி வைக்க என்ன அலமாரி, ஆண்டுதோறும் பழுதுபார்க்க எவ்வளவு என்று வரிசையாக எழுதி, குறைந்தது இரண்டு விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் அமைப்பு, ஆசிரியர் கேட்கும் பொருளைக் குறிப்பிட்டுச் சொல்லி, கொடுப்பவரே தேர்ந்தெடுக்கட்டும் என்ற எண்ணத்தின் மேல்தான் எழுந்தது.

அடுத்துச் சொல்வதைத்தான் பெரும்பாலான குழுக்கள் தவறவிடுகின்றன. பொது அறிவிப்பு வெளியாகும் நாளில் தொகையின் ஒரு பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு மையத்துக்குக் கணினிகள் வாங்க நிதி திரட்டியபோது, ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரெய்லி என்ற இரு பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள்: இலக்கில் 10 விழுக்காடு முன்னரே கிடைத்துவிட்டது என்று சொன்னதைவிட, 67 விழுக்காடு கிடைத்துவிட்டது என்று சொன்னபோது வந்த நன்கொடை ஏறக்குறைய ஆறு மடங்கு. முன்பே பலர் நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள் என்பதே புதியவருக்கு ஓர் உறுதிமொழியாகிவிடுகிறது. ஆகவே அறிவிப்புக்கு முன் ஐந்தாறு பேரை நேரில் சந்தித்துப் பாதித் தொகையையாவது உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவர், "மற்றவர்கள் தரும் ஒவ்வொரு தொகைக்கும் ஈடாக நானும் தருகிறேன்" என்று முன்வந்தால் மிகவும் நல்லது. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவே போதும். டீன் கார்லன் என்ற பொருளியலாளரும் அதே ஜான் லிஸ்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய அறிவிப்பு, நன்கொடை கேட்டு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் கிடைத்த சராசரி வருவாயை 19 விழுக்காடு உயர்த்தியது. அதையே ஒன்றுக்கு மூன்றாகக் கூட்டியும் மேற்கொண்டு பலன் கிடைக்கவில்லை.

யார் கேட்பது என்பதும் முக்கியம். முன்னாள் மாணவரிடம் குழுவின் செயலாளர் கேட்பதைவிட, அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரோ உடன் படித்த நண்பரோ கேட்பது நல்லது. "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று விட்டுவிடாமல், "பத்து நுண்ணோக்கிகளில் ஐந்துக்குப் பணம் சேர்ந்துவிட்டது, ஆறாவதை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். அதன்பின் சற்று நேரம் பேசாமல் இருங்கள். மறுப்பதற்கும் அவருக்கு இடம் வேண்டும். வசதியில்லாத பெற்றோரிடம் கட்டாய வசூல் கூடவே கூடாது. வகுப்புவாரியாகக் கொடுத்தவர் பட்டியலை ஒட்டுவதும் மறைமுகமான கட்டாயமே. அந்த அவமானம் குழந்தையின் தலையில்தான் வந்து விழும். பெற்றோரில் மின்பணியாளர், தச்சர், கணக்கர் எனப் பலர் இருப்பார்கள். ஆய்வக மேசையைச் செப்பனிடும் ஒரு நாள் உழைப்பையும் நன்கொடையாகவே பதிவு செய்யுங்கள்.

பணம் தனிநபர் கணக்கில் சேரக் கூடாது. பள்ளியின் பெயரிலோ பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் பெயரிலோ, இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது கொடுத்து, மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வரிச்சலுகை உண்டு என்று சொல்வதற்கு முன், உங்கள் அமைப்புக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பதைக் கணக்காயரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இலக்கு எட்டப்படாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, குறைந்த எண்ணிக்கையில் வாங்குவீர்களா என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பொருள் வந்து சேர்ந்ததும், வாங்கிய ரசீதின் நகலோடு எந்த வகுப்பு அதை முதலில் பயன்படுத்தியது என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே கதவைத் தட்டும்போது உங்களுக்குத் தயக்கம் இராது.

ஆசிரியர் ஊதியம், கூரை, கழிப்பறை ஆகியவற்றை நன்கொடையின் மேல் சுமத்தாதீர்கள். ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் உறுதியான வருவாய் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது பள்ளியை நடத்தும் அரசோ நிர்வாகமோதான். ஆய்வகத்துக்குச் செய்ததைப் போலவே இவற்றுக்கும் விலைப்புள்ளியுடன் தேவைப் பட்டியல் தயாரித்து, பெற்றோர் கையொப்பங்களைச் சேர்த்து, வரவு செலவுத் திட்டம் முடிவாகும் முன்பே உரிய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.