சிங்களத்தில் வந்த பதில்: வழக்குப் போட எத்தனை நாள் இருக்கிறது?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "பிரதேச செயலகத்துக்குத் தமிழில் கொடுத்த விண்ணப்பத்தை நிராகரித்து, சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். வாசித்துச் சொல்ல ஆள் தேடியதிலேயே நாள் போய்விட்டது. கடிதம் வந்து 24 நாள். தோட்ட நிர்வாகமும் லயத்துக் கூரையைத் திருத்தித் தரவில்லை. இரண்டுக்கும் அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?"

கடிதத்துக்குப் போடலாம். வடக்கு, கிழக்குக்கு வெளியே இருந்தாலும் தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. மொழி உரிமை மீறலையும் உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 126ஆம் உறுப்புரை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மிச்சம் ஒரு வாரம்கூட இல்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. இதை நம்பித்தான் பலர் ஏமாந்திருக்கிறார்கள். முறைப்பாட்டைக் கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் சொல்லிவிட்டது. எனவே கண்டி அலுவலகத்தில் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஏதாவது கேளுங்கள். அதோடு நிற்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவையும் இந்த வாரமே பாருங்கள். மாதம் முடியுமுன் மனுவைப் போட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

மலையிலிருந்து கொழும்புக்குப் போய்த்தான் இந்த மனுவைப் போட வேண்டும், அதுவும் ஒரே மாதத்துக்குள் என்பது கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு மிகக் கடுமையான நிபந்தனை. மாகாண மட்டத்து நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூரை விஷயம் வேறு. அடிப்படை உரிமை மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. உங்கள் தோட்டத்தை நடத்துவது தனியார் கம்பனி என்றால் அதன்மேல் நேரடியாகப் போட முடியாது. அதைத் தொழிற்சங்கம், தொழில் திணைக்களம் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்காகவே முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அரச அதிகாரி கடமையைச் செய்யாமல் விடுவதும் மீறல்தான். கூரை ஆபத்தான நிலையில் இருந்தால், அதைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடமையிருந்தும் கண்டுகொள்ளாவிட்டால் அந்தக் கடிதம்தான் உங்கள் சாட்சி.

அப்புறம், அந்தச் சிங்களக் கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதீர்கள். கடிதம் எப்போது தபாலில் வந்தது என்பதைக் காட்ட அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.