கேட்பது யார், தலையில் கட்டுவது யார்: கொடுக்கல் வாங்கல் ஆங்கிலம், கேள்வி பதில்

வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று கல்லடியில் சும்மா இருப்பவனிடம் இத்தனை கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

பங்குச் சந்தைத் திரையில் பிட், ஆஸ்க் என்று இரண்டு விலை. ஆஸ்க் என்றால் கேட்பது. அப்போ அது வாங்குகிறவன் விலைதானே? (மீன் வியாபாரி, வாழைச்சேனை)

இல்லை தம்பி, நேர்மாறு. ஏலத்தில் கூறுகிறவர் ஆயிரத்து இருநூறு என்கிறார், நீங்கள் ஐம்பது கூட்டுகிறீர்கள். "ஆர் கேட்டது?" என்றால் எல்லாரும் உங்களைத்தான் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் உங்கள் அந்தக் கேள்விக்குப் பெயர் பிட். ஆஸ்க் விற்பவருடையது. "மீனுக்கு என்ன விலை கேட்கிறான்?" என்று வீட்டில் விசாரிப்பார்களே, அந்தக் கேட்பு. தமிழில் இரண்டு பக்கமும் கேட்கிறது, குழப்பம் அங்கேதான்.

பிட் 48.50, ஆஸ்க் 48.80 என்று இருந்தால், உடனே வாங்க 48.80 கொடுக்க வேண்டும், உடனே விற்றால் 48.50தான் வரும். இடையில் உள்ள 30 சதம் ஸ்ப்ரெட். சில திரைகளில் ஆஸ்க் என்பதற்குப் பதிலாக ஓஃபர் என்று இருக்கும், மிரளாதீர்கள்.

கோல் ஆப்ஷன், புட் ஆப்ஷன் பாடமாக்கியும் மாறிப்போகிறது. (உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, கல்முனை)

பாடமாக்காதீர்கள் தங்கச்சி, நெல்லை வைத்துப் பாருங்கள். சம்மாந்துறையில் ஒரு மில்காரர் விவசாயியிடம் சொல்கிறார்: "அறுவடை முடிந்ததும் 1,000 கிலோவை, கிலோ 120 ரூபாய்க்கு வாங்கும் உரிமை எனக்கு. வேண்டாமென்றால் விட்டுவிடுவேன். அந்த உரிமைக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் இப்பவே பிடியுங்கள்." சந்தை விலை 140க்கு ஏறினால் நெல்லைத் தன்னிடம் அழைத்துக்கொள்வார். காசு கொடுத்து வாங்கிய அந்த உரிமைதான் ஆப்ஷன், அந்த அழைப்புதான் கோல். கொடுத்த 3,000 போக 17,000 ரூபாய் லாபம். விலை 100க்கு விழுந்தால் பேசாமல் இருந்துவிடுவார், நட்டம் அந்த 3,000 மட்டும்.

புட் இதன் மறுபக்கம். இப்போது விவசாயி காசு கொடுத்து, விலை விழுந்தாலும் நெல்லை 120க்கே மில்காரர் தலையில் கட்டும் உரிமையை வாங்குகிறார். அழைத்துக்கொண்டால் கோல், தலையில் கட்டினால் புட். மறுகா ஒன்று: நம் வழமையான முற்பணம் இது இல்லை. முற்பணம் வாங்கினால் இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். ஆப்ஷனில் காசு கொடுத்தவருக்கு மட்டும்தான் பின்வாங்கும் வசதி.

மச்சானுக்கு மார்ஜின் கோல் வந்ததாம். போனை எடுத்துப் பேசச் சொன்னேன், முறைக்கிறார். (கடைக்காரர், காத்தான்குடி)

முறைப்பார்தான் காக்கா! கடனுக்குப் பங்கு வாங்கியிருக்கிறார், விலை இறங்கிவிட்டது. "மேலும் காசு கட்டு, இல்லையேல் உன் பங்கை விற்போம்" என்ற அழைப்பு அது. மின்னஞ்சலில் வந்தாலும் பெயர் கோல்தான். அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து, கொஞ்ச நாளைக்குப் பேச்செடுக்காமல் விடுங்கள்.

தமிழ்நாட்டு நூல் வியாபாரியிடம் "பின்னேரம் கோல் எடுங்க" என்றேன். இரவு வரை சத்தமில்லை. (கைத்தறிக்காரர், மருதமுனை)

அவர் உங்கள் அழைப்புக்குக் காத்திருந்திருப்பார். நமக்குக் கோல் எடுப்பது என்றால் அழைப்பது. அங்கே போனை எடுப்பது என்றால் வந்த அழைப்புக்குப் பதில் சொல்வது. "நீங்களே கூப்பிடுங்கள்" என்றால் இரண்டு கரைக்கும் விளங்கும்.

ஷோர்ட் செல்லிங் என்றால் குறைந்த விலைக்கு விற்பதா? (அக்கரைப்பற்று)

கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது. விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் மிச்சம் லாபம். ஏறினால் நட்டத்துக்கு எல்லை கிடையாது.

லீசிங்கில் எடுத்த ஆட்டோ. வாகனப் பதிவுப் புத்தகத்தில் என் பெயரும் இருக்கு, அப்சொலூட் ஓனர் என்று கம்பனி பெயரும் இருக்கு. விற்கலாமா? (மட்டக்களப்பு)

ஓட்டுபவர் நீங்கள், உடைமை கம்பனிக்கு. கடைசித் தவணை கட்டி அந்தப் பெயரை நீக்கினால்தான் உங்களுக்கு முழு உரிமை. நானும் ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஆள் பிடித்து, விலை பேசி, அச்சாரமும் வாங்கினேன். புத்தகத்தை விரித்ததும் அந்த ஆள் அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அச்சாரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன், வங்கிக்காரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.