கிரகணத்தில் வெப்பநிலை ஏன் உடனே இறங்கவில்லை?

சேர், 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தில் பிள்ளைகள் எடுத்த அளவீட்டில் வெளிச்சம் குறைந்தும் வெப்பமானி உடனே இறங்கவில்லை, பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையே இல்லை, அந்தக் கொப்பியைக் கவனமாக வைத்திருங்கள். நிலமும் காற்றும் ஆற நேரமெடுக்கும் என்பதால் கிரகணம் உச்சத்தைத் தாண்டிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் வெப்பநிலை அடிமட்டத்துக்கு வரும், அதுவும் அது காலை நேரம், வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் நாங்கள் அளந்தபோது சூடான சீமெந்துக் கட்டின் மேல் வெப்பமானியை வைத்துவிட்டோம், கோடு அசையவே இல்லை. நிழலில், நெஞ்சுயரத்தில், காற்றுப் படத் தொங்கவிடுங்கள்.

அப்புறம், 2027 ஆகஸ்ட் 2 பகுதிக் கிரகணம் நமக்கு மாலையில் வருகிறது, வெப்பம் தானாகவே இறங்கும் நேரம் அது. கிரகணத்துக்கு முதல் நாளும் மறுநாளும் அதே நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அளந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். முகிலையும் குறிக்கச் சொல்லுங்கள்.